டயப்பர் புண்ணுக்கு எந்த கிரீம்? குழாயின் பின்பக்கத்தைப் படிப்போம்

பினாங்கில் கைக்குழந்தை இருக்கும் ஒரு தமிழ் வீட்டில் பிள்ளையின் பின்புறம் சிவந்துவிட்டால் போதும், அரை மணி நேரத்துக்குள் யோசனைகள் வந்து குவிந்துவிடும். பாட்டி தேங்காயெண்ணெய் என்பார். பெரியம்மா பவுடர் போடச் சொல்வார். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா தன் பிள்ளைக்குத் தடவிய களிம்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். யாரோ சென்னைக்குப் போய்வந்தபோது வாங்கிவந்த குழாய் ஒன்றும் அலமாரியில் இருக்கும். இவற்றில் சில நல்லவை, சில வீண், ஒன்றிரண்டு உண்மையிலேயே ஆபத்தானவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தப் புண் எப்படி வருகிறது, குழாயின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

தொடக்கம் ஈரம். மூடிய டயப்பருக்குள் தோல் ஊறி மெலிகிறது, உராய்வைத் தாங்கும் வலிமையை இழக்கிறது. நல்ல தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, பி.எச். அளவில் ஏறக்குறைய 5.5. சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேரும்போது மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன, அமிலத் தன்மை குறைந்து காரம் ஏறுகிறது. மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் எப்போதும் உண்டு. காரம் ஏறியதும் அவை வேகம் பிடித்து, சோற்றையும் பாலையும் செரிப்பது போலவே பிள்ளையின் தோலையும் அரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு வந்த அன்றே பின்புறம் வெந்தது போல் ஆவது இதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளின் மலத்தில் காரம் குறைவு, அவர்களுக்கு இந்தத் தொல்லையும் குறைவு. திட உணவு பழகிவிட்ட 9 முதல் 12 மாதப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரக் காற்றுமாக இருக்கும் பினாங்கில், ஒரு முறை நனைந்த தோல் தானாகக் காய்ந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

காரணம் இதுவென்றால் கிரீமின் வேலை என்ன என்பதும் விளங்கிவிடும். பலாப்பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். அந்த எண்ணெய் பாலைக் கரைப்பதற்காக அல்ல, பால் தோலில் ஒட்டாமலிருக்கத்தான். நல்ல டயப்பர் கிரீமும் அதைத்தான் செய்கிறது: தோலுக்கும் மலத்துக்கும் இடையில் ஒரு படலமாக நிற்கிறது, அடியில் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. வாசனை, மூலிகைச் சாறு, கிருமிநாசினி, வைட்டமின் என்று பெட்டியின் முன்பக்கம் பெருமையாகச் சொல்லும் பெரும்பாலானவற்றுக்கு இதில் பங்கில்லை. கிரீமில் சேரும் பொருள்களின் எண்ணிக்கை கூடக் கூட, பிள்ளையின் தோல் ஏதாவதொன்றை ஏற்காமல் போகும் வாய்ப்பும் கூடும். அதனால் பொருள்பட்டியல் சிறியதாக உள்ள கிரீமையே நான் எப்போதும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

படலம் போடுவதில் இரண்டு பொருள்கள் பல தலைமுறைகளாகத் தம்மை நிரூபித்தவை: பெட்ரோலியம் ஜெல்லி, சிங்க் ஆக்சைடு. வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி விலை குறைந்தது, ஒவ்வாமை தருவது மிக அரிது. புண் வராத நாளில் தடுப்புக்கு அதுவே போதும். தோல் சிவந்துவிட்டால் சிங்க் ஆக்சைடு நல்லது. அது வெள்ளைக் களிம்பாகக் கெட்டியாக நிற்கும், ஈரத்தை நன்றாகத் தள்ளும். அதன் அளவு பொருளுக்குப் பொருள் மாறுகிறது. சுடோகிரீமில் 15.25 விழுக்காடு, டெசிட்டினின் கடுமையான வகையில் 40 விழுக்காடு. சாதாரணச் சிவப்புக்குக் குறைந்த அளவே போதுமானது. வயிற்றுப்போக்கு நாள்களிலும் இரவு நீளத் தூக்கத்துக்கும் கெட்டியான வகை உதவும். சுடோகிரீமில் சிங்க் ஆக்சைடு தவிர ஆட்டுரோமக் கொழுப்பான லனோலினும் வாசனைச் சேர்மங்களும் இருப்பதால், எக்சிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ள பிள்ளைக்கு முதலில் சிறு இடத்தில் தடவிப் பார்ப்பது நல்லது. பெபாந்தன் வகைக் களிம்பில் தோலை மென்மையாக்கும் டெக்ஸ்பாந்தெனால் 5 விழுக்காடு இருக்கிறது. இலேசான சிவப்புக்கு அதுவும் சரியே, ஆனால் மலம் அடிக்கடி போகும் நாளில் சிங்க் ஆக்சைடு அளவுக்குத் தாக்குப்பிடிக்காது.

தடவும் முறை கிரீமின் பெயரைவிட முக்கியமானது. தோல் தெரியாதபடி தடிமனாகப் பூச வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்குப் பட்ட மேல்படலத்தை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே மீண்டும் பூசலாம். ஒவ்வொரு முறையும் வெள்ளை போகும்வரை தேய்த்துக் கழுவினால், ஆறத் தொடங்கிய தோலும் அதோடு போகும். முழுவதும் எடுத்தே ஆகவேண்டுமென்றால் பஞ்சில் பேபி ஆயில் தொட்டு மெல்ல ஒற்றி எடுக்கலாம். துணி டயப்பர் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிங்க் களிம்பும் ஜெல்லியும் துணியில் ஏறினால் துணி ஈரம் உறிஞ்சாது. இடையில் ஒரு மெல்லிய துணித்துண்டு வைத்தால் சிக்கலில்லை. எந்த டயப்பரானாலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை மாற்றுவதும், மலம் கழித்த உடனே மாற்றுவதும், நாளில் கொஞ்ச நேரம் பிள்ளையை டயப்பரில்லாமல் விடுவதும் எந்தக் களிம்பையும்விடப் பெரிய மருந்து.

இனி ஆபத்தின் பக்கம். கைக்குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். மேலே தடவுவது உள்ளே போனால் சிறு உடம்பில் அதன் அளவு பெரிது. புண்ணான தோல், மூடிய டயப்பர், வெப்பம் மூன்றும் சேரும்போது உள்ளே போவது இன்னும் கூடும். இது வெறும் கருத்தளவிலான பயமில்லை. 1972இல் பிரான்சில் மோர்ஹாஞ்ச் என்ற குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாகப் பெருமளவில் கலந்துவிட்டது. டயப்பர் பகுதியில் அந்தப் பவுடரைப் போட்ட பிள்ளைகளில் 36 பேர் இறந்தார்கள். போரிக் அமிலம் அதற்கும் முந்திய கதை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதை இடுப்புப் புண்ணுக்குத் தூவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விஷமேறி இறந்தது பலமுறை பதிவான பிறகுதான் நிறுத்தினார்கள். சமையல் சோடாவைப் புண்ணில் போட்டதால் ஒரு குழந்தையின் இரத்தத்தில் காரம் ஏறிய கதை 1981இல் மருத்துவ இதழில் வந்தது. போரிக், சமையல் சோடா, மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன், சாலிசிலேட் ஆகியவற்றில் ஒரு பெயர் பட்டியலில் இருந்தாலும் அந்தப் பொருளைக் கீழே வைத்துவிடலாம். டால்க் பவுடர் தோலுக்குச் செய்யும் நன்மையைவிட, தூவும்போது பறக்கும் தூள் பிள்ளையின் நுரையீரலுக்குள் போவதால் வரும் தீமை பெரிது. பெரியம்மா மனம் நோகாமல் இதைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அலமாரியில் இருக்கும் அந்தக் கலவைக் களிம்புதான். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்புக்கு ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். பெரியவர்களின் படர்தாமரைக்கு வாங்கிய குழாய், "பிள்ளைக்கும் தடவிப் பாருங்க, ரெண்டே நாள்ல போயிடும்" என்ற ஒரு வார்த்தையில் கைமாறிவிடுகிறது. இரண்டு நாளில் போவது உண்மை. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் சிவப்பு மறையும். நிறுத்தினால் திரும்பும், முன்னைவிடக் கடுமையாக. மறுபடி தடவுவார்கள். இப்படியே வாரங்கள் போகும். டயப்பர் மேலே மூடியிருப்பதால் அந்த மருந்து திறந்த தோலில் போவதைவிடப் பல மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலிந்து கோடு விழும். கூடிப்போனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோய், முகம் ஊதி, வளர்ச்சி தடைபடும் நிலையும் வரலாம். டயப்பர் புண்ணுக்கு வீரியமான ஸ்டீராய்டு தடவியதால் இப்படிக் குஷிங் நோய்க்குறி (உடம்பில் ஸ்டீராய்டு மிகுந்து வரும் பாதிப்பு) வந்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. இன்னொரு தீமையும் உண்டு: புண் பூஞ்சையால் வந்ததாக இருந்தால் ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும், பூஞ்சை அடியில் சத்தமில்லாமல் பரவும்.

இந்த ஸ்டீராய்டுகளின் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், டிரையம்சினோலோன். இவற்றில் ஒன்று பொருள்பட்டியலில் இருந்தால் அது பிள்ளையின் இடுப்புக்கு உரியதல்ல. குளோட்ரிமசோல் இந்தக் கூட்டத்தில் சேராது, அது பூஞ்சை மருந்து. இந்தியாவிலேயே 2018இல் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள், கடைகளில் அவை அவ்வளவு தாராளமாகக் கைமாறியதால். மலேசியாவில் இவை 1952ஆம் ஆண்டின் விஷச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சில சமயம் மருத்துவரே 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாள்களுக்கு மெல்லியதாகப் பூசச் சொல்வார். அது மிக மென்மையான வகை, பார்த்துச் சொல்லும் அளவில் பயமில்லை. ஏற்கெனவே கலவைக் களிம்பை வாரக்கணக்கில் தடவிவிட்டிருந்தால் குழாயையும் எடுத்துக்கொண்டு அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்க் காட்டுங்கள். என்ன தடவினீர்கள் என்று தெரியாமல் மருத்துவரால் சரியாக முடிவெடுக்க முடியாது. திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

பூஞ்சைப் புண்ணை வேறுபடுத்தி அறிவது அவ்வளவு கடினமில்லை. சாதாரணப் புண் டயப்பர் உரசும் மேடான இடங்களில் வரும், தொடை மடிப்புகளை விட்டுவைக்கும். பூஞ்சை மடிப்புக்குள்ளேயே தொடங்கும். பளீரென்ற சிவப்பு, தெளிவான விளிம்பு, விளிம்புக்கு வெளியே தனித்தனியாகச் சிறு சிவப்புப் புள்ளிகள். மூன்று நாள் சிங்க் தடவியும் குறையாதிருப்பது, அண்மையில் ஆன்டிபயாட்டிக் குடித்திருப்பது, நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளை படிந்திருப்பது ஆகியவையும் பூஞ்சையைக் காட்டும். இதற்கு நிஸ்டாட்டின், குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற மருந்து தேவை. எத்தனை நாள், எத்தனை முறை என்பதை மருத்துவரோ மருந்தாளரோ சொல்வார். முதலில் பூஞ்சை மருந்தை மெல்லியதாகத் தடவி, அதற்கு மேல் சிங்க் படலம் போடலாம்.

கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது? மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் களிம்பில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எட்டு இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்து நிறையச் சொல்லும்: 'ஏ' என்றால் விஷச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, 'எக்ஸ்' என்றால் கடையில் நேராக வாங்கக்கூடியது, 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. பிள்ளைக்காக உறவினர் தரும் குழாயில் 'ஏ' இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இந்தப் பதிவை 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் தருகிறது. மதிப்பிடும் வேலையைப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பார்க்கிறது. பதிவான மருந்தின் பெட்டியில் ஹோலோகிராம் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயரும் உரிமையாளரும் வரவேண்டும். வேறு பொருளின் எண்ணை அச்சடித்து விற்கும் போலிகளும் இருப்பதால், எண் இருந்தால் மட்டும் போதாது, பெயரும் பொருந்த வேண்டும்.

பல டயப்பர் கிரீம்கள் மருந்தாக அல்லாமல் ஒப்பனைப் பொருளாகவே விற்கப்படுகின்றன. அவற்றுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பதிவு என்றால் விற்பனைக்கு முன்பே பாதுகாப்பும் தரமும் மதிப்பிடப்பட்டவை. அறிவிப்பு என்றால் நிறுவனம் தன் பொருளைப் பற்றித் தானே உறுதி சொல்லி அறிவித்தது. ஆய்வு பெரும்பாலும் கடைக்கு வந்த பின்தான் நடக்கும். அறிவிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களில் பாதரசமும், ஹைட்ரோகுயினோனும், பீட்டாமெத்தசோனும்கூடக் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தானதை என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிடுகிறது. என்.ஓ.டி. உள்ள எல்லாம் கெட்டதென்று ஆகாது. நல்ல சிங்க் கிரீம்கள் பலவும் அந்த வகையில் உண்டு. ஆனால் "பாவித்த மறுநாளே குணம்" என்று உறுதி சொல்லும், பொருள்பட்டியலே இல்லாத, வீட்டில் தயாரித்த களிம்பு இணையத்தில் வந்தால், அந்த மறுநாள் குணத்துக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவதே நியாயம்.

ஈரத் துடைப்பான்களும் இதே கணக்கில் சேரும். அவற்றில் முன்பு பரவலாகச் சேர்த்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி ஒவ்வாமைக்குப் பேர்போனது. 2013இல் அமெரிக்கத் தொடுகைத்தோல் அழற்சிச் சங்கம் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலில் விட்டுவைக்கும் பொருள்களில் அதைத் தடைசெய்தது. புண் இருக்கும் நாள்களில் வெதுவெதுப்பான தண்ணீரும் மெத்தென்ற பஞ்சும் போதும்.

நாட்டு மருந்துகளைப் பற்றி மரியாதையோடும் கவனத்தோடும் பேச வேண்டும், ஏனென்றால் அவற்றைத் தருகிறவர்கள் பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவர்கள். சுத்தமான தேங்காயெண்ணெய் புண்ணில்லாத தோலுக்குக் கெடுதலில்லை, கொஞ்சம் படலமாகவும் நிற்கும். ஆனால் சிங்க் களிம்பைப் போல் கெட்டியாக நிற்காது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைக் குலைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, தவிர்க்கலாம். மஞ்சளையும் வசம்பையும் இழைத்துப் புண்ணில் போட்டால் எரியும், கிருமியும் சேரும். வேப்பெண்ணெய்க்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலேசியாவில் வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி போன்ற பாதிப்பு வந்ததை இங்குள்ள மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இடுப்பில் பூசியதைப் பிள்ளை கையால் தொட்டு வாயில் வைக்கும் என்பதை நினைத்தால், வேப்பெண்ணெயை அந்தப் பக்கம் கொண்டுபோகாமலிருப்பதே நல்லது.

கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்கள் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. ஜி6பிடி குறைபாடு (சில பொருள்கள் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவி நொதிக் குறைபாடு) இருக்கிறதா என்று மலேசியாவில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிப்பது வழக்கம். குறைபாடு உள்ள பிள்ளை என்றால் களிம்போ தைலமோ வாங்குமுன் மருந்தாளரிடம் அதைச் சொல்லுங்கள். அவர்கள் துணி வைக்கும் அலமாரியில் நாஃப்தலின் உருண்டையும் கூடாது, அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் கேட்க, பினாங்கு மிண்டனிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலேயே தேசிய நச்சு மையமான பூசாட் ராச்சுன் நெகாரா 1994 முதல் இயங்குகிறது. பிள்ளை மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சில புண்கள் எந்தக் களிம்புக்கும் கட்டுப்படாதவை. கொப்புளம், சீழ், தேன்நிறப் பொருக்கு, இரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மலவாயைச் சுற்றி வளையம் போட்டது போல் பளிச்சென்று சிவந்து, மலம் கழிக்கும்போது பிள்ளை துடித்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் அடங்கும். இடுப்பில் மட்டுமன்றி வாயைச் சுற்றியும் விரல்களிலும் ஒரே மாதிரிப் புண் வந்து, முடியும் கொட்டி, வயிற்றுப்போக்கும் நீடித்தால் உடம்பில் துத்தநாகச் சத்து குறைந்திருக்க வாய்ப்புண்டு. இரத்தச் சோதனையில் அது உறுதியானால் மருத்துவர் துத்தநாகத்தை உள்ளுக்குக் கொடுப்பார், சில நாள்களிலேயே புண் ஆறத் தொடங்கும்.